பத்துக் கோழிக்கு முட்டையிட எத்தனை பொட்டி?

நாலஞ்சு கோழிக்கு ஒண்ணுங்கிறது கணக்கு. பத்துக்கு ரெண்டு போதும், மூணு வெச்சா நிம்மதி. எத்தனை வெச்சாலும் எல்லாம் ஒரே பொட்டிக்குத்தான் அடிச்சுக்குங்க, அது வேற விசயம்.

சிறுவெடைங்கிற சின்ன நாட்டுக்கோழிக்குப் பொட்டி ஓரடி நீளம், அகலம், உயரம். பெருவெடைங்கிற பெரிய நாட்டுக்கோழிக்கு 14 அங்குலம். தரையிலிருந்து ஒண்ணரை அடி உயரத்துல, இருட்டு மூலையில வைங்க. ராத்திரி அடையுற கழி பொட்டியை விட உயரமா இருக்கோணும். இல்லைன்னா பொட்டிக்குள்ளயே தூங்கி, விடியறப்ப முட்டை பூரா எச்சமாயிரும். மேல்மூடியைச் சரிவா அடிச்சா அதும்மேல உக்காராது.

வாசல்ல 4 அங்குலத் தடுப்புப் பலகை கட்டாயம். அது இல்லாட்டி கோழி சீச்சுச் சீச்சு வைக்கோலை வெளிய தள்ளிரும். முட்டை வெறும் பலகையில விழுந்து விரிசல் விடும். ஒருக்கா ஒழுகுன முட்டையை ருசி பார்த்த கோழி, அப்பறம் தானே கொத்தி உடைக்கும். அந்தப் பழக்கத்தை மாத்தறது பெரும்பாடுங்க. அதனால மூணு அங்குலம் வைக்கோலோ கடலைப் பொட்டோ போட்டு, நனைஞ்சா அன்னைக்கே மாத்துங்க. செள்ளுப் பூச்சி பலகை இடுக்குலதான் குடியிருக்கும், இடுக்கையும் பாருங்க.

புதுக் கோழி செடி மறைவுல முட்டையிட்டா, பொட்டிக்குள்ள முட்டையளவு வெள்ளைக் கூழாங்கல் ஒண்ணு போட்டு வைங்க. அடைக்கு உக்காந்த கோழியைத் தனிக் கூடைக்கு மாத்திருங்க, பொட்டி மத்ததுக்கு வேணும்.