மாடியறைக்கு எலிப்பொறிக் கட்டு

வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் அறை எடுப்பதென்றால் முதலில் சுவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது! செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குகிறார்கள். நடுவில் விழும் இடைவெளியில் காற்று தங்கி, வெளிச்சூடு உள்ளே இறங்குவதைக் குறைக்கிறது. 9 அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம். பூச்சும் வேண்டாம், செங்கல் முகமே அழகு.

மேஸ்திரி தயங்கினார். தரையில் ஒரு வரிசை அடுக்கிக் காட்டியதும், "சரி சார், செஞ்சிடலாம்" என்றார்.

அப்புறம் கூரை. கான்கிரீட்டுக்குள் மங்களூர் ஓடு பதிக்கும் ஃபில்லர் ஸ்லாப் போட ஆசை. காட்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.