ஆஸ்டெரிட்டி பாய்லர்: அந்த ஒத்த டியூப் கடைசில அடங்கிடுச்சு

மக்களே, ஹைட்ராலிக் டெஸ்ட் (பாய்லர் முழுக்க தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்திப் பாக்குறது) பாஸ்! 170 பிஎஸ்ஐல ஓடுற பாய்லர், ஒன்றரை மடங்கு அதாவது 255 வரைக்கும் ஏத்தி நிறுத்தினோம், கேஜ் முள்ளு அசையல, டியூப் முனைகள் சொருகியிருக்கிற துளைத் தகடான டியூப் பிளேட்ல ஒரு சொட்டு இல்ல. யார்க்‌ஷயர்ல நான் சனிக்கிழமைல வாலண்டியரா போற லைன்ல ஹன்ஸ்லெட் ஆஸ்டெரிட்டி சாடில் டேங்க்னு ஒரு நீராவி இன்ஜின் (பாய்லர் மேலயே சேணம் மாதிரி தண்ணித் தொட்டி உக்காந்திருக்கும்) ஓவர்ஹால்ல இருக்கு, அதோட பாய்லர்தான் இது.

மத்த வேலைய விடுங்க, உசுர வாங்கினது டியூப் எக்ஸ்பாண்டிங், அதாவது டியூப் முனைய உள்ளேருந்து ரோலரால விரிச்சு துளையோட இறுக்குறது, இதத்தான் ரோல் பண்றதுன்னு சொல்றோம். ஏர் மோட்டார் வெச்சு சர்ருன்னு முடிக்கிறவங்க இருக்காங்க, என்னைக் கேட்டா கையால சுத்துறதுதான் சரி, ஏன்னா எங்க நிறுத்தணும்னு கைக்குத்தான் தெரியும். ரோலர்கள விரிக்கிற நடுக் கம்பியான மாண்ட்ரல் முதல்ல லேசா சுத்தும், டியூப் போய் துளைய தொட்டதும் ராட்செட் கனக்க ஆரம்பிக்கும், அதுக்கு மேல கொஞ்சம் போனா போதும். சேஃப்டிக்கு இன்னொரு சுத்துன்னு ஆசைப்பட்டா டியூப் சுவர் மெலிஞ்சுடும், அதோட பக்கத்து துளையும் நெளிஞ்சு ஏற்கனவே டைட்டா இருந்தது லூசாகும். அதனாலதான் வரிசையா போகாம இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு தாவித் தாவி ரோல் பண்ணோம்.

அப்படியும் நெருப்பு எரியுற ஃபயர்பாக்ஸ் பக்கம் கீழ் வரிசைல ஒரு டியூப் மட்டும் வேர்த்துக்கிட்டே இருந்துச்சு. சுத்தி எல்லாம் காய்ஞ்சு கிடக்கு, இது மட்டும் 200 தாண்டினதும் மெல்ல ஈரமாகும். சாக்பீஸ்ல வட்டம் போட்டு, பிரஷர் இறக்கி, ரோல் பண்ணி திரும்ப ஏத்தினா அதே கதை. எங்க ஷெட்ல பாய்லர் வேலையிலயே தலை நரைச்ச பெரியவர் ஒருத்தர் வந்து பாத்துட்டு "இனிமே அத ரோல் பண்ணாத, வெட்டி எடு"ன்னுட்டார். எடுத்துட்டு டார்ச்ச சாய்ச்சுப் பிடிச்சு துளைக்குள்ள பாத்தா, நீளவாக்குல முடி கனத்துல ஒரு கீறல், நகத்தால தடவினா மட்டும்தான் தட்டுப்படுது. எப்பவோ பழைய டியூப எடுத்தப்ப உளி பட்டிருக்கணும். சுத்துவாக்குல கீறல் இருந்தா பெருசா கவலையில்ல, ரோல் பண்ணும்போது அடைஞ்சுக்கும். நீளவாக்குல இருந்தா தண்ணிப் பக்கத்துலேருந்து நெருப்புப் பக்கத்துக்கு நேர் வழி, எவ்வளவு ரோல் பண்ணாலும் நிக்காது. நகம் தட்டாத வரைக்கும் எமெரி துணிய சுத்துவாக்குலயே தேய்ச்சு, புது டியூப் சொருகி, ரோல் பண்ணி, பீடிங் (வெளிய நீட்டியிருக்கிற விளிம்ப தகட்டு மேல மடிச்சு அடிக்கிறது) போட்டு முடிச்சோம். ரீட்யூபிங் பண்ற யாரா இருந்தாலும் டியூப் சொருகுறதுக்கு முன்னாடியே எல்லா துளையையும் நகத்தால தடவிப் பாத்துடுங்க, தயவுசெஞ்சு.

டியூப் சப்ளையர் மேல எனக்கு இன்னும் கோவம் தீரல. முனைகள அனீல் பண்ணி, அதாவது காய்ச்சி மெதுவா ஆற விட்டு மெதுவாக்கி, அனுப்புறோம்னு சொல்லிட்டு அப்படியே அனுப்பிட்டாங்க. கெட்டி முனைல பீடிங் போட்டா விளிம்பு வெடிச்சுடும். அப்புறம் நாங்களே முனைய சிவக்கக் காய்ச்சி, சுண்ணாம்புத் தூள்ல புதைச்சு மெதுவா ஆற விட்டோம், அருமையா வந்துச்சு.

டெஸ்ட் முடிஞ்ச சந்தோஷத்துல லீட்ஸ் பக்கம் மிடில்டன் ரயில்வேக்கு ஒரு நடை போயிட்டு வந்தேன். ஆஸ்டெரிட்டி பொறந்த ஹன்ஸ்லெட் ஏரியாவே அதுதான், போர்க்காலத்துல 1943ல ஆரம்பிச்சு 1964 வரைக்கும் பல கம்பெனிங்க சேர்ந்து 480க்கு மேல கட்டின இன்ஜின் இது. அந்த லைன்லதான் 1812லயே அங்கத்த நிலக்கரிச் சுரங்க மேனேஜர் பிளென்கின்சாப் தண்டவாளத்தோட வெளிப்பக்கம் பல்லு வெச்சு, அதுல பல்சக்கரம் பிடிச்சு ஏறுற ரேக் இன்ஜின் ஓட்டினார். நம்ம ஊட்டி மலை ரயிலோட கல்லாறு–குன்னூர் ஏத்தத்துல பல்சட்டம் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கும், அதுக்கு அப்ட் சிஸ்டம்னு பேரு. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது மேட்டுப்பாளையத்துல அந்த மலை ரயில இழுக்குற எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின பக்கத்துல நின்னு பாக்கணும், பொன்மலைல புதுசாவே எக்ஸ் கிளாஸ் கட்டுறாங்கங்கறத இங்க ஷெட்ல சொன்னா வாயப் பிளக்குறாங்க.

இன்னும் ஸ்டீம் டெஸ்ட் பாக்கி, பாய்லர் இன்ஸ்பெக்டர் முன்னாடி நெருப்புப் போட்டு சேஃப்டி வால்வ் தூக்குறத காட்டணும். நிலக்கரி வேற பிரச்சனை, 2023ல வேல்ஸ்ல ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் நிலக்கரிச் சுரங்கம் மூடினதுலேருந்து இம்போர்ட் கரியும் ஓவாய்டும் (கரித்தூள அழுத்தி முட்டை வடிவத்துல செஞ்ச கட்டி)தான். ஆனா மனசு அதுக்குள்ள ஸ்லைடு வால்வுக்கு, அதாவது சிலிண்டருக்குள்ள நீராவிய விட்டு வெளியேத்துற வழுக்கு வால்வுக்கு, போயிடுச்சு. இதுல ரெண்டு சிலிண்டரும் ஃப்ரேமுக்கு உள்ள, கை நுழையவே இடமில்ல. வால்வு வழுக்குற முகமான போர்ட் ஃபேஸ்ல, எங்க ஒட்டுதுன்னு காட்டுற நீல மை தடவிப் பாத்தேன், நடுவுல ஒட்டவே இல்ல, ஓரத்துல மட்டும்தான் கான்டாக்ட். மேடு இருக்கிற இடத்த சுரண்டி சமமாக்க ஸ்க்ரேப்பர தீட்டி வெச்சாச்சு, வர்ற சனிக்கிழமை இடது பக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறேன்.