ஸ்கிராப்புக் தாளில் ஒரு நிறத்தை மட்டும் மாற்றுதல்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராவோருக்கு

டிஜிட்டல் ஸ்கிராப்புக் தாள் (புகைப்பட ஆல்பப் பக்கங்களுக்கான அலங்காரப் பின்னணித் தாள்) ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள ஒரு நிறத்தை மட்டும் வேறு நிறமாக மாற்றச் சொல்லும் கேள்வி, புகைப்படத் திருத்தப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது. பார்வைக்கு எளிதான கேள்விதான். ஆனால் பழைய நிறம் தாளில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சரியாக வரையறுப்பதிலேயே நேரத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதைப் பயிற்சியின்போதே உணர்ந்திருந்ததால், அந்த வேலைக்கே முதலிடம் கொடுத்துத் தயாரானேன்.

தாளைத் திறந்ததும் அளவைப் பாருங்கள். 12 அங்குலச் சதுரத் தாள், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3600 × 3600 பிக்சல் இருக்கும். இதை முழுத் திரையில் சுருக்கிப் பார்த்தால் ஓரங்களில் உள்ள பிசிறுகள் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு மாற்றத்தையும் 100 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் சரிபார்ப்பதை முதலிலேயே பழக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து, மாற்ற வேண்டிய நிறம் தாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறதா, அல்லது ஒரே உருவத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிதறிக் கிடந்தால் நிற எல்லையைக் கொண்டு பிரிப்பதும், ஒரே உருவமென்றால் அதைத் தேர்ந்தெடுத்து மாஸ்க் (மாற்றம் எந்தப் பகுதியில் மட்டும் தெரிய வேண்டும் என்று வரையறுக்கும் மறைப்பு) இடுவதும் ஏற்ற வழிகள்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். வெளிர் மஞ்சள் கலந்த கிரீம் நிறப் பின்னணி. அதன்மேல் இளஞ்சிவப்புப் பூக்கள், பச்சை இலைகள். பூக்களை மட்டும் நீலமாக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் ஹியூ/சாச்சுரேஷன் (நிறம்/நிறச் செறிவு) அட்ஜஸ்ட்மென்ட் லேயரை, அதாவது மூலப் படத்தைத் தொடாமல் அதன்மேல் அமரும் திருத்த அடுக்கைச் சேர்த்து, மாஸ்டர் என்றிருக்கும் பட்டியலில் ரெட்ஸைத் தேர்ந்தால், நிற வட்டத்தில் 345 பாகையிலிருந்து 15 பாகை வரையிலான நிறங்கள் முழுமையாகவும், அதன் இருபுறமும் 315 வரையும் 45 வரையும் உள்ளவை படிப்படியாகக் குறைந்தும் மாறும். பூவின் நிறம் 340 பாகை என்றால் அது முழு மாற்றம் பெறாது. பின்னணியின் கிரீம் 40 பாகை என்றால் அதிலும் இலேசான சாயம் ஏறும். இதைத் தவிர்க்க, அதே பலகையிலுள்ள, நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஐடிராப்பரைக் கொண்டு ஒரு பூவின்மேல் சொடுக்குங்கள். எல்லை அந்த நிறத்தை நடுவாகக் கொண்டு நகர்ந்துவிடும். பூவின் நிழல் பகுதிகள் விடுபட்டால், பிளஸ் குறியுள்ள ஐடிராப்பரால் அவற்றைச் சேர்க்கலாம்.

எல்லை சரியா என்று அறிய ஓர் உத்தி உண்டு. தேர்வில் எனக்கு மிகவும் கைகொடுத்ததும் அதுதான். சாச்சுரேஷனை -100க்குத் தள்ளுங்கள். எல்லைக்குள் அகப்பட்டவை மட்டும் சாம்பல் நிறமாகும். இலையின் நரம்போ பின்னணியின் மூலையோ சாம்பலானால், கீழே உள்ள வண்ணப் பட்டையின் முக்கோணங்களை உள்ளே நகர்த்துங்கள். பூவின் விளிம்பில் இளஞ்சிவப்பு எஞ்சினால் வெளியே நகர்த்துங்கள். பிறகு சாச்சுரேஷனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து ஹியூவைத் தொடலாம். பூ 340 பாகையிலும் வேண்டிய நீலம் 210 பாகையிலும் இருந்தால், ஹியூவில் -130 என்று நேராகவே எண்ணை இடலாம். கண்ணால் தேடிக்கொண்டிருப்பதைவிட நிறத் தெரிவுப் பலகையில் இரு நிறங்களின் பாகையையும் படித்துக் கழித்துக்கொள்வது விரைவானது.

ஒரே சொடுக்கில் ஒத்த நிறப் பிக்சல்களைத் தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்டை முதல் கருவியாக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை எடுத்தே ஆக வேண்டுமென்றால் கன்டிகுவஸ் (ஒட்டியுள்ளவை மட்டும்) குறியை நீக்குங்கள். இல்லாவிட்டால் தொட்ட பூ மட்டுமே தேர்வாகும். பூவுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள கலப்பு நிறப் பிக்சல்களை அது பாதியில் வெட்டிவிடுவதால், நீலப் பூவைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் நின்றுவிடும். ஜேபெக் கோப்புகளில் ஒளித் தகவலைவிட நிறத் தகவல் பெரும்பாலும் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதால் இந்த வளையம் இன்னும் அகலமாகத் தெரியும். தேர்ந்தெடுத்த பகுதியை ஒரு பிக்சல் விரித்து, சற்றே ஃபெதர் (விளிம்பை மென்மையாக்குதல்) கொடுத்தால் பெரும்பாலும் மறையும். ரீப்ளேஸ் கலர் வசதியும் நன்றாகவே வேலை செய்கிறது. எனினும் அது பிக்சல்களை நேரடியாக மாற்றிவிடுவதால், லேயரை நகலெடுத்துக்கொண்டே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஹியூ எண் சரியாக இருந்தும் முடிவு போலியாகத் தெரிவதுண்டு. அதற்குக் காரணம் வெளிச்சம். முழு மஞ்சளும் முழு நீலமும் ஹியூ/சாச்சுரேஷன் கணக்கில் ஒரே 50 விழுக்காட்டு வெளிச்சம் கொண்டவை. நம் கண்ணுக்கோ எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிறத் தரம்) அளவில் மஞ்சள் ஏறத்தாழ 93 விழுக்காடும் நீலம் 7 விழுக்காடும் ஒளிர்வு உடையவை. எனவே மஞ்சள் புள்ளிகளை ஹியூவால் மட்டும் நீலமாக்கினால், அவை பின்னணியிலிருந்து துளையிட்டாற்போல் கறுத்துத் தெரியும். அத்தகைய கேள்வியில் மாஸ்க் இட்ட சாலிட் கலர் (ஒரே நிறம் நிரப்பிய) லேயரை, கீழுள்ள படத்தின் ஒளிர்வை விட்டு நிறத்தை மட்டும் மாற்றும் கலர் பிளெண்ட் மோடில் வைப்பதே நல்லது. தாளின் இழைநயமும் நிழலும் அப்படியே நிற்கும். அதனால் வரும் நீலம் வெளிறியிருந்தால், அதே மாஸ்க்குடன் ஒளி அளவை மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயரைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு இருளாக்கிக்கொள்ளலாம்.

வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகியவற்றுக்கு ஹியூ கிடையாது என்பதால், ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் அவை அசையா. வெள்ளைக் கோடுகளுக்கு நிறமேற்ற மாஸ்க் இட்ட சாலிட் கலரை இருளாக்கும் மல்டிப்ளை மோடிலும், கறுப்புக்கு வெளிறச் செய்யும் ஸ்கிரீன் மோடிலும் வைக்க வேண்டும். கிம்ப் மென்பொருளில் பயில்வோருக்கும் இதே முறை பொருந்தும்: ஹியூ-சாச்சுரேஷன் சாளரத்தில் ஆறு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்து, ஓவர்லேப் ஸ்லைடரால் அடுத்த நிறத்துடனான எல்லையை மென்மையாக்கலாம்.

முடித்ததும் லேயர்களுடன் கூடிய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வகை) கோப்பை முதலில் சேமித்து, அதிலிருந்தே ஜேபெக்கை உயர்ந்த தரத்தில் ஒரே முறை எடுங்கள். திருத்தம் ஏதேனும் தேவைப்பட்டால் மீண்டும் பிஎஸ்டியைத் திறந்து செய்யுங்கள். ஜேபெக்கையே திறந்து திரும்பத் திரும்பச் சேமித்தால், சிரமப்பட்டுச் சீராக்கிய விளிம்புகளில்தான் முதலில் அழுக்குப் படிவதுபோல் தெரியும்.