இரவில் காயும் வாயும் ஈறோரச் சொத்தையும்

கீழ்வரிசை முன்பற்களில், ஈறும் பல்லும் சேருமிடத்தில், பழுப்பு நிறக் குழிகள் விழுந்திருப்பதைப் பல் மருத்துவர் கைக்கண்ணாடியில் காட்டினார். நாக்கிற்கடியில் ஊறும் உமிழ்நீரில் எப்போதும் நனைந்திருக்கும் இடம் அது என்பதால், அங்கே எளிதில் சொத்தை விழாதாம். விழுந்திருந்தால் முதலில் எச்சிலைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்றார். கன்னத்தின் உட்புறத்தில் வைத்த சிறு கண்ணாடியும் வழுக்காமல் ஒட்டிக்கொண்டே வந்தது. நள்ளிரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு விழித்தெழுவதை வயதின் கோளாறு என்று எண்ணியிருந்த எனக்கு, அதைப் பல்லோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

அடைப்பதற்கு முன் காரணத்தைப் பார்ப்போம் என்று அவர் உமிழ்நீரை அளந்தார். பேசாமல், விழுங்காமல், தலையைக் குனிந்தபடி, அளவுக் கோடுகள் போட்ட குழாயினுள் எச்சிலைத் தானாக வடியவிட வேண்டும். கூச்சமான வேலைதான், நூல் போல இழுபட்டு நின்ற எச்சில் குழாயின் அடியைக் கூடச் சரியாக மறைக்கவில்லை. 15 நிமிடத்தில் 1.5 மில்லிலிட்டருக்குக் குறைவாக இருந்தால் சுரப்பு குறைவு என்று கணக்கு. பிறகு ஒரு மெழுகுத் துண்டை மெல்லச் சொன்னார். அப்போது எச்சில் தாராளமாக ஊறியது. சுரப்பிகள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றுக்குப் போகும் உத்தரவைத்தான் ஏதோ ஒன்று தடுக்கிறது என்று அதற்கு விளக்கம் தந்தார்.

அந்த ஏதோ ஒன்று என் மாத்திரைப் பையிலேயே இருந்தது. அக்கி வந்து போன பின் தங்கிவிட்ட நரம்பு வலிக்காக இரவில் எடுத்துவந்த அமிட்ரிப்டிலினும், மூக்கடைப்புக்காக அவ்வப்போது போடும் ஒவ்வாமை மாத்திரையும் வாயை உலர்த்தக் கூடியவை. போதாக்குறைக்கு, மூக்கடைத்தால் வாயைத் திறந்துதான் தூங்குகிறேன் என்பதை என் மனைவி அங்கேயே உறுதிசெய்தார். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல் உண்டா என்று கேட்டதும், சர்க்கரை அளவைப் பார்க்கச் சொன்னதும் வேறு காரணங்களை விலக்குவதற்காக; இரண்டிலும் குறையில்லை.

தூக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு எல்லோருக்குமே மிகவும் குறைந்துவிடும். பகலில் அமிலத்தை முறிப்பதும், பல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பித் தருவதும் உமிழ்நீரே. அது வற்றிய வாயில், படுக்கும் முன் கடைசியாகச் சாப்பிட்டது எதுவோ, அதிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலம் நெடுநேரம் தங்கிவிடுகிறது. வாயின் பிஎச் அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதியோ 6க்குச் சற்று மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். இரவில் தொண்டை காய்கிறதென்று பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். எச்சில் வற்றியவர்களுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, உடன் வந்திருந்த அம்மா அவரை நம்பாத பார்வை பார்த்தார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, பொது மருத்துவருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவர் அமிட்ரிப்டிலினை 25 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் குறைத்தார். ஒவ்வாமை மாத்திரைக்குப் பதில் மூக்கில் விடும் உப்புநீரைத் தந்தார். குழிகளை, சிறிதளவு ஃபுளோரைடை வெளியிடும் கிளாஸ் அயனோமரால் அடைத்து, எல்லாப் பற்களிலும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார்கள். இரவில் ஃபுளோரைடு பற்பசையால் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுக்க வேண்டும் என்பதுதான் பழக்கப்படுத்திக்கொள்ளக் கடினமாக இருந்தது. அதன் பிறகு ஈறுகளின் மேல் செயற்கை உமிழ்நீர் ஜெல்லைப் பட்டாணி அளவு தடவிக்கொள்கிறேன். வழவழப்புப் பிடிக்கவில்லை என்றாலும் நாக்கு ஒட்டுவது நின்றிருக்கிறது. விழித்தால் வெறும் தண்ணீர் மட்டும்தான். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் விட்டாயிற்று, அது வாயை மேலும் உலர்த்தும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் தொடர்கிறது. புதிய குழி விழவில்லை. பழுப்பாகியிருந்த இரண்டு இடங்கள் கெட்டிப்பட்டுவிட்டதால் அவற்றை அடைக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றில் மட்டும் சொத்தை ஆழம். வலி வந்தால் ரூட் கேனால் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.