சர்வதேச அமைப்புகள் பற்றிய கேள்வி வந்தால்: கிளிநொச்சியில் நாங்கள் படித்த விதம்

பொதுச் சுகாதாரப் பாடத்தில் பலரும் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிற பகுதி இது. தலைமையகம் எங்கே, தொடங்கிய ஆண்டு எது என்று பாடமாக்கினால் ஒருவரி வினாக்களுக்குப் போதும். "இவ்வமைப்புகள் இணைந்து ஒரு நாட்டின் சுகாதார இலக்குகளுக்கு உதவும் விதத்தை விளக்குக" என்று கட்டுரை வினா வந்தால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது.

நாங்கள் கூடிப் படித்தபோது பிடித்துக்கொண்ட உதாரணம் மலேரியா. வன்னியில் வீட்டுப் பெரியாட்களைக் கேட்டாலே குளோரோகுயின் என்ற மலேரியா மருந்தின் கசப்பிலிருந்து கதை தொடங்கும். 1963இல் இலங்கை முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. கவனம் தளர்ந்ததும் 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. கடைசி உள்ளூர்த் தொற்று 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

சரி, இதில் யார் என்ன செய்தார்கள்? வழிகாட்டலும் சான்றிதழும் உலக சுகாதார ஸ்தாபனத்துடையவை. எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் காசு தந்தது. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் அப்படி வந்தவைதான். சர்வோதய போன்ற உள்ளூர் அமைப்புகளும் களத்தில் நின்றன. ஆனால் காய்ச்சல்காரரைத் தேடிப்போய் விரல் நுனியில் இரத்தம் எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தது அரசின் மலேரியாத் தடை இயக்கத்தின் ஆட்கள். இதை எழுதாமல் விட்டால், வெளியாட்கள் வந்து மாற்றிவிட்டுப் போனது போல் விடை நிற்கும்.

இரண்டாவது உதாரணம் போலியோ. யுத்த காலத்திலும், 1995 முதல், யுனிசெப்பின் முயற்சியால் இரு தரப்பும் துப்பாக்கியை நிறுத்திய நாட்களில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மருந்து கையில் இருந்தால் மட்டும் காணாது என்று காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் 2019இல் வந்த, எல்லோருக்கும் ஆரோக்கியமான வாழ்வுக்கான உலகளாவிய செயற்றிட்டம். 12 அமைப்புகள் சேர்ந்து, ஒரே வேலையை ஆளுக்கொரு பக்கம் செய்யாமல் நாட்டின் சொந்தத் திட்டத்துக்குத் துணைநிற்பதாக ஒப்புக்கொண்டன. களப்பயிற்சியில் ஒரே எண்ணிக்கையை வெவ்வேறு படிவங்களில் நிரப்பியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எதிர்காலச் சவால் என்று கேட்டால் மன்னாருக்குப் போங்கள். சான்றிதழ் கிடைத்து அதிக காலம் போகுமுன்பே அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்ற, மலேரியாவைப் பரப்பும் புதிய நுளம்பு அங்கே பிடிபட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடியது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு திரும்பும் ஒருவரையும் இதையும் சேர்த்து எழுதினால் அந்தப் பகுதி நிறைந்துவிடும்.