மூன்றாவது எச்சரிக்கை

2021 செப்டம்பர். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆன்லைனில் அரியர் தேர்வு எழுதினேன். கேமரா, மைக் வழியாக ஒரு மென்பொருள்தான் கண்காணிப்பாளர். உள்ளே சிக்னல் வராது.

எதிர் வயலில் குறுவை அறுப்பு. மெஷின் சத்தத்தை அந்த மென்பொருள் பேச்சுக்குரலாக எடுத்துக்கொண்டதோ என்னவோ, முதல் எச்சரிக்கை வந்தது. அப்புறம் அப்பாயி, "சாப்பிட்டியாடா?" என்று எட்டிப் பார்த்தார். கேமராவில் இன்னொரு முகம்! இரண்டு. அவரைப் போகச் சொல்லத் திரும்பினேன்; பார்வை விலகிவிட்டதாம். மூன்று. 28ஆம் கேள்வியில் தேர்வு தானாக மூடிக்கொண்டது.

தேர்வு அறை என்றால் கண்காணிப்பாளர் முறைப்பார், அவ்வளவுதான். இங்கே கெஞ்சக்கூட ஆளில்லை. மெயில் போட்டேன். பதிவான வீடியோவை யாரோ பார்த்து, 11 நாள் கழித்து மறுதேர்வு கொடுத்தார்கள்.

அன்றைக்கு மட்டும் அப்பாயியை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.