1942ஐ விளையாடும்போது

இந்த வாரம் இரவுகளில் மறுபடியும் 1942. கெப்கொம் 1984இல் வெளியிட்ட ஆர்கேட் கேம். நாம் ஓட்டும் அமெரிக்கப் போர் விமானமான பி-38 ஒன்று, கீழே நகரும் பசிபிக் கடல், மேலிருந்து வரிசையாக இறங்கும் ஜப்பானிய விமானங்கள். 32 கட்டங்கள், டோக்கியோவை நோக்கி. செய்ததும் ஒரு ஜப்பானிய நிறுவனம்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதில் எனக்கு மிகப் பிடித்தது அந்தக் குட்டிக்கரணம். குண்டுகள் சூழும்போது பட்டனை அழுத்தினால் விமானம் ஒரு சுற்றுச் சுற்றித் தப்பிவிடும். ஆனால் எண்ணிக்கை குறைவு. இப்போதே செலவழிப்பதா, பொறுப்பதா? முழு விளையாட்டும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சிவப்பு விமானக் கூட்டத்தை ஒன்று விடாமல் வீழ்த்தினால் பவர் கிடைக்கும், சரி, அதற்கு ஆசைப்பட்டு ஓரத்துக்குப் போனால் பின்னாலிருந்து ஒன்று வரும்.

கொழும்பில் இருந்துகொண்டு விளையாடும்போது அந்த ஆண்டு வெறும் தலைப்பாக இருப்பதில்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் நம் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. அவற்றை எதிர்க்க ஹரிக்கேன் எனும் பிரித்தானியப் போர் விமானங்கள் கிளம்பிய இடங்களில் ஒன்று ரேஸ்கோர்ஸ். ஆமாம், இப்போது நாம் றக்பி பார்க்கப் போகும் அதே மைதானம். குதிரைப் பந்தயத் திடலைத்தான் ஓடுபாதையாக்கியிருந்தார்கள். பிள்ளைகளோடு அங்கே போகிறவர்கள் இதை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், இதன் அடுத்த பாகமான 1943இல் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பறக்கலாம். வெள்ளவத்தைப் பக்கம் யாராவது இருந்தால் சனிக்கிழமை வாருங்கள்.